22 வருஷம் லாரி ஓட்டிய ஊர்... ஒருநாள்கூடப் பார்க்காத கடல்! - தூத்துக்குடியில் ஒரு நாமக்கல் தம்பதி

சுற்றுலா போக ஊர் தேடுகிறவர்கள் யாரும் முதலில் தூத்துக்குடி என்று சொல்வதில்லை. திருச்செந்தூர் போகிறவர்கள் பைபாஸிலேயே தாண்டிப் போய்விடுவார்கள். உப்பு, துறைமுகம், அனல்மின் நிலையம் என்று செய்திகளில் வரும் ஊரில் ரெண்டு பேர் ஒரு நாள் முழுக்கச் சுற்றிப்பார்க்க என்ன இருந்துவிடப் போகிறது?

நாமக்கல்லைச் சேர்ந்த அந்தத் தம்பதியிடம் அவர்களின் மகளும் இதைத்தான் கேட்டார். 27-வது கல்யாண நாளுக்கு ஊட்டி, கொடைக்கானல் எங்கேயாவது அனுப்பிவைக்கலாம் என்று மகள் திட்டம் போட, அம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். "தூத்துக்குடி."

காரணம் இருக்கிறது. அந்த வீட்டில் 22 வருஷமாகத் தூத்துக்குடி என்பது ஃபோனில் மட்டுமே கேட்ட ஊர். "எங்க இருக்கீங்க?" என்றால் "தூத்துக்குடி" என்பார் கணவர். "எப்ப வருவீங்க?" என்றால் சரியான பதில் வராது. முதலில் டாரஸ் லாரி, பிறகு கன்டெய்னர் ட்ரெய்லர். நாமக்கல் முட்டை குளிரூட்டிய கன்டெய்னர்களில் தூத்துக்குடி துறைமுகம் வந்து, கப்பலேறி வளைகுடா நாடுகளுக்குப் போகிறது. அந்தப் பாதையில் மாதத்துக்கு நான்கைந்து முறை வந்து போனவர் அவர். ஆனால், துறைமுகக் கேட், எடை மேடை, பைபாஸ் பரோட்டாக் கடை தவிர ஊரில் எதையும் பார்த்ததில்லை. முதுகுத் தண்டில் வலி வந்ததும், சர்க்கரையும் சேர்ந்துகொண்டதும் நீண்ட தூர ஓட்டத்தை விட்டுவிட்டார். இப்போது உள்ளூரில் ஒரு பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார்.

மார்ச் மாதத்தில் ஒரு சனிக்கிழமை விடியற்காலை 5 மணிக்கு, மதுரையில் பஸ் மாறி, தூத்துக்குடி புதிய பேருந்து நிலையத்தில் இருவரும் இறங்கினார்கள். ஏறத்தாழ 300 கிலோமீட்டர். வழி நெடுக அவர் தூங்கவே இல்லையாம். பந்தல்குடியில் எந்த டீக்கடை இரவெல்லாம் திறந்திருக்கும், எட்டயபுரம் தாண்டினால் காற்று எந்தப் பக்கமிருந்து வண்டியைத் தள்ளும் என்று ஜன்னலோரத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே வந்தார். மனைவி பாதியைக் கேட்டார், மீதியைத் தூங்கிக் கடந்தார்.

அலையில்லாத கடல்

லாட்ஜில் பையைப் போட்டுவிட்டு, குளித்து, 6 மணிக்கெல்லாம் கடற்கரைச் சாலைக்கு வந்துவிட்டார்கள். தூத்துக்குடியில் சூரிய உதயம் பார்க்க ரோச் பூங்கா பக்கம் நல்ல இடம். கிழக்கே நேர்க் கடல், மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

"ஏனுங்க, அலையே காணோமே?" என்றார் மனைவி. மெரினாவையும் திருச்செந்தூரையும் பார்த்தவருக்கு ஏமாற்றம்தான். தூத்துக்குடி கடல் பெரும்பாலான நாள்களில் ஏரிபோல அசையாமல் கிடக்கும். மன்னார் வளைகுடாவில் ராமேஸ்வரம் பக்கத்திலிருந்து தூத்துக்குடி வரை 21 குட்டித் தீவுகள் வரிசையாக இருக்கின்றன. அவற்றைச் சுற்றிப் பவளப்பாறைகள். பெரிய அலைகளின் வேகத்தை அவையே வாங்கிக்கொள்கின்றன. முத்துக்குளித்தலும் துறைமுகமும் இந்தக் கரையில் செழித்ததற்கு இந்த அமைதியான கடலும் ஒரு காரணம்.

அந்தத் தீவுகளே இப்போது சிக்கலில் இருக்கின்றன. தூத்துக்குடியை ஒட்டியிருந்த விலாங்குசல்லித் தீவு நீருக்குள் போய்விட்டது. வான் தீவும் அப்படித் தேய்ந்துவிடாமல் இருக்க, அதைச் சுற்றிக் கடலுக்குள் செயற்கைப் பாறைகளை இறக்கியிருக்கிறார்கள். கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்கா என்பதால் இந்தத் தீவுகளில் நம் இஷ்டத்துக்குக் கால்வைக்க முடியாது. "படகுல தீவுக்குக் கூட்டிப்போறேன்" என்று யாராவது சொன்னால் விசாரித்துவிட்டுப் போவது நல்லது.

அங்கிருந்து பனிமய மாதா பேராலயம் நடக்கும் தூரம்தான். 1582-ல் இங்கே மாதாவுக்கு முதல் ஆலயம் எழும்பியது. இப்போது நாம் பார்ப்பது 1713-ல் கட்டி முடிக்கப்பட்டது. 1982-ல் பசிலிக்கா அந்தஸ்து கிடைத்தது. முத்துக்குளித்துறைப் பரதவர்களின் தாய்வீடு என்று இதைச் சொல்லலாம். கடலுக்குப் போகிறவர்கள் மாதாவைக் கும்பிட்டுவிட்டுத்தான் படகேறுவார்கள். மாதா சொரூபம் கப்பலில் மணிலாவிலிருந்து வந்தது என்பது மக்களின் நம்பிக்கை. ஜூலை 26-ல் கொடியேறி ஆகஸ்ட் 5-ல் நிறையும் திருவிழாவின்போது ஊரில் லாட்ஜ் கிடைப்பது கஷ்டம். தங்கத்தேர் மட்டும் எல்லா வருஷமும் ஓடாது. கடைசியாக 2023-ல் ஓடியது.

மனைவி முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு மெழுகுவத்தி ஏற்றினார். என்ன வேண்டிக்கொண்டார் என்று கணவர் கேட்க, "அதெல்லாம் சொல்லக் கூடாதுங்க" என்றார்.

"செருப்போட இறங்காதிய அக்கா!"

இட்லி, வடையோடு காலை உணவை முடித்துவிட்டு, அரை நாளுக்கு ஒரு ஆட்டோ பேசினார்கள். துறைமுகம் போகும் சாலையில் ரெண்டு பக்கமும் உப்பளங்கள். வெள்ளைக் குவியல்கள், தூரத்தில் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள். பத்து மணிக்கே கண் கூசுகிறது. கூலிங் கிளாஸ் கொண்டுபோவது ஸ்டைலுக்காக அல்ல, இங்கே உண்மையிலேயே தேவை.

இந்தியாவில் உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த இடத்தில் இருப்பது தமிழ்நாட்டின் இந்தக் கரைதான். உப்பு நீரை மோட்டார் வைத்து இறைத்து, பாத்தி பாத்தியாக மாற்றி வெயிலில் சுண்டவிடுகிறார்கள். கடைசிப் பாத்தியில் உப்பு பூத்ததும் பலகையால் வாரி வரப்பில் குவிக்கிறார்கள். வெயில் ஏறிவிட்டால் நிற்க முடியாது என்பதால் பலர் விடியும் முன்பே வேலையைத் தொடங்கிவிடுகிறார்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் வேலை நின்றுபோகும். அந்த மாதங்களுக்காக அரசு இப்போது ஒரு குடும்பத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. 2023 டிசம்பரில் கொட்டிய பெருமழையில் குவித்து வைத்திருந்த உப்பே கரைந்துபோன கதை, இங்கே யாரைக் கேட்டாலும் வரும்.

வேலையை முடித்துவிட்டு வரப்பில் உட்கார்ந்திருந்த ஒரு பெண், "எங்கேருந்து வாறீய?" என்று கேட்டார். அனுமதி வாங்கிக்கொண்டு மனைவி வரப்பில் இறங்கினார். "செருப்போட பாத்தில இறங்காதிய அக்கா. பாத்து வாங்க, வழுக்கும்" என்றது குரல். வெறுங்காலில் ரெண்டு அடி வைத்ததும் சிறு கற்களை மிதித்ததுபோல் குத்தியது. அந்தப் பெண்ணின் உள்ளங்காலைப் பார்த்தார். வெடிப்பு வெடிப்பாக வெளுத்திருந்தது. ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் பிள்ளைகளைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள். இங்கேயும் ஒரு பையன் லாரியில் போகிறானாம்.

கணவருக்கு உப்பு என்றால் ரிட்டர்ன் லோடு. டாரஸ் ஓட்டிய காலத்தில் பலமுறை ஏற்றியிருக்கிறார். உப்பு ஏற்றினால் வண்டியின் பாடி சீக்கிரம் துருப்பிடிக்கும், உரிமையாளர் திட்டுவார். உப்பைப் பற்றி அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். "லோடு ஏத்தற நேரத்துல கேபின்ல படுத்துத் தூங்கிருவேன். உள்ள எறங்கிப் பாத்ததே இல்ல" என்றார்.

சுவருக்கு அந்தப் பக்கம்

அடுத்து எங்கே என்று ஆட்டோக்காரர் கேட்டபோது, மனைவிதான் சொன்னார். "இவரு வண்டி நிப்பாட்டற எடத்துக்குப் போலாமுங்க."

ஆட்டோக்காரருக்குப் புரியவில்லை. ஹார்பர் கேட்டையா சுற்றிப்பார்க்கப் போகிறார்கள்? அனுமதிச் சீட்டு இல்லாமல் உள்ளே விடவும் மாட்டார்கள். "அங்க என்ன அண்ணாச்சி இருக்கு?" என்று அவரிடமே திரும்பிக் கேட்டார். ஆனாலும் கொண்டுபோய் விட்டார்.

சாலையோரம் வரிசையாக ட்ரெய்லர்கள். புழுதி. ஒரு வேப்ப மரம், அதன் அடியில் டீக்கடை. தண்ணீர் கேன், கயிற்றில் காயும் லுங்கிகள், வண்டிக்கு அடியில் பாய் விரித்துத் தூங்கும் ஒரு கிளீனர் பையன். அதற்கப்பால் நீளமான சுவர்.

"கடல் எங்கேங்க?"

"அந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கம்."

மனைவி அந்த மரத்தடியில் நின்று எல்லாவற்றையும் பார்த்தார். 18 வருஷத்துக்கு முன்னால் அவர்களுக்கு ரெண்டாவதாக மகன் பிறந்தபோது கணவர் இங்கேதான் நின்றிருந்தார். வர வேண்டிய கப்பல் வரவில்லை. லோடு இறங்காமல் வண்டியை விட்டு நகர முடியாது. ரெண்டு பகல், ரெண்டு இரவு. ஆஸ்பத்திரியிலிருந்து மாமியார் ஃபோன் போட்டு, "பையன்டா" என்று சொன்னபோது டீக்கடையில் இருந்த எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தாராம். பிரசவ அறையில் இருந்தவருக்கு அது தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம், மூன்றாம் நாள் தாடியோடு வந்து நின்ற மனிதரைத்தான். அந்தக் கோபத்தில், "தூத்துக்குடியில அப்படி என்னதான் வெச்சிருக்கீங்க?" என்று கேட்ட கேள்வி, பிறகு ஒவ்வொரு சண்டையிலும் வந்தது.

இப்போது அதைக் கேட்கவில்லை. "இங்கயா படுத்துக்குவீங்க?" என்றார். "மழை பேஞ்சா?" என்றார். "கேபின்ல" என்றார் அவர். டீக்கடையில் இருந்தவர் புதியவர், கணவரை அவருக்குத் தெரியவில்லை. ரெண்டு டீ வாங்கிக் குடித்தார்கள். மனைவி தன் பணப்பையிலிருந்து காசு கொடுத்தார். வண்டிக்கு அடியில் படுத்திருந்த பையனுக்கும் ஒரு டீ சொல்லச் சொன்னார்.

தூத்துக்குடியின் புதிய துறைமுகம் 1974-ல் பெருந்துறைமுகமாகத் திறக்கப்பட்டது. கடலுக்குள் தலா 4 கிலோமீட்டர் அளவுக்கு நீளும் ரெண்டு அலைதடுப்புச் சுவர்களின் நடுவில்தான் கப்பல்கள் நிற்கின்றன. உள்ளே போகாமல் கப்பலைப் பார்க்க வேண்டும் என்றால், துறைமுகத்தை ஒட்டிய முயல் தீவுக் கடற்கரைதான் வழி. காணும் பொங்கலன்று ஊரே அங்கே கூடும். மற்ற நாள்களில் ஆள் குறைவு, நிழலும் குறைவு.

அங்கே நின்றுதான் கணவர் முதன்முறையாக ஒரு கன்டெய்னர் கப்பலை முழுசாகப் பார்த்தார். கேட்டுக்குள் போனாலும் வண்டியைக் குறித்த இடத்தில் நிறுத்தி, கிரேன் கன்டெய்னரைத் தூக்கியதும் கிளம்ப வேண்டும், அண்ணாந்து பார்க்க நேரம் இருக்காது. "இத்தனை பெருசா?" என்று மனைவியைவிட அவர்தான் அதிகம் ஆச்சர்யப்பட்டார். பேன்ட்டை முழங்கால் வரை மடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கி நின்றார். அவர் ஏறி வரக் கால் மணி நேரமானது. மனைவி கூப்பிடவில்லை.

சீலாவும் விளைமீனும்

மதியச் சாப்பாட்டுக்கு ஊருக்குள் ஒரு மெஸ். கொங்குப் பக்கத்து ஆட்களுக்குக் கடல்மீன் பெயர்கள் குழப்பும். நம் ஊரில் வஞ்சிரம் என்று கேட்பது இங்கே சீலா. வறுவலுக்கு அதுதான் ராஜா. குழம்புக்கு விளைமீன், ஊளி, பாறை. தேங்காய் அரைத்து ஊற்றிய புளிக்குழம்பு கொஞ்சம் கெட்டியாகவே இருக்கும். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான படகுகள் கரையில்தான் நிற்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். மீனுக்காகவே வருகிறவர்கள் இந்த நாள்களைத் தவிர்க்கலாம். சர்க்கரைக்காரர் சோற்றைக் குறைத்துக்கொண்டு ரெண்டு துண்டு சீலா வறுவல் வாங்கினார். மனைவி கண்டுகொள்ளாத மாதிரி இருந்துவிட்டார்.

வெயிலுக்குக் கொஞ்ச நேரம் அறையில் படுத்துவிட்டு, 4 மணிக்குப் பழைய ஊரைச் சுற்றினார்கள். ரயில் நிலையத்தைச் சும்மா கடந்து போய்விடக் கூடாது. 1876-லேயே இங்கே ரயில் வந்துவிட்டது. 1914-ல் பாம்பன் பாலம் திறக்கும் வரை, சென்னையிலிருந்து கொழும்பு போகிறவர்கள் ரயிலில் தூத்துக்குடி வந்து, இங்கிருந்துதான் கப்பலேறினார்கள். அந்தக் கொழும்புப் பாதையில் வெள்ளைக்காரக் கம்பெனிக்குப் போட்டியாக 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கி, 'காலியா', 'லாவோ' என்று ரெண்டு கப்பல்களை வாங்கி ஓடவிட்டவர் வ.உ.சிதம்பரனார். 1908-ல் கைது. கம்பெனியும் நொடித்தது. "செக்கிழுத்தது எங்க கோயம்புத்தூர் ஜெயில்லதானுங்க" என்றார் மனைவி. துறைமுகத்துக்கு இன்று வ.உ.சி. பெயர்தான். அந்தப் பெயர்ப் பலகையைத் தாண்டித்தான் கணவர் இத்தனை வருஷம் வண்டி ஓட்டியிருக்கிறார்.

2011-ல் தூத்துக்குடி - கொழும்பு பயணிகள் கப்பல் மறுபடி வந்தது, சில மாதங்களிலேயே நின்றுபோனது. பழைய துறைமுகத்தில் இப்போதும் மரத்தோணிகளைப் பார்க்கலாம். காய்கறி, கட்டுமானப் பொருள் ஏற்றிக்கொண்டு மாலத்தீவு வரை போகின்றன.

முத்துநகர் என்று பெயர், ஆனால் இங்கே முத்து வாங்கலாம் என்று வந்தால் ஏமாற்றம்தான். 1960-களிலேயே முத்துக்குளிப்பு நின்றுவிட்டது. சங்கு குளிப்பது மட்டும் தொடர்கிறது. இங்கே எடுக்கும் சங்கில் பெரும்பகுதி மேற்கு வங்கத்துக்குப் போய், அங்குள்ள சுமங்கலிப் பெண்களின் கையில் வளையலாகிறது. மனைவி பூஜைக்கு ஒரு சின்னச் சங்கு வாங்கிக்கொண்டார்.

முட்டை எந்த ஊரு?

தூத்துக்குடி வந்துவிட்டு மக்ரூன் வாங்காமல் போனால் வீட்டில் சேர்க்க மாட்டார்கள். போர்ச்சுக்கீசியர் வழியாக வந்ததாகச் சொல்லப்படும் தின்பண்டம். அவர்கள் ஊரில் பாதாம், இங்கே முந்திரி. முட்டையின் வெள்ளைக்கருவைச் சர்க்கரை சேர்த்து நுரை கெட்டியாகும் வரை அடித்து, முந்திரித்தூளைக் கலந்து, காகிதக் கூம்பால் பிழிந்து, குறைந்த சூட்டில் நிதானமாக வேகவைக்கிறார்கள். மைதா கிடையாது. வாயில் போட்டால் மேல்பக்கம் நொறுங்கி, உள்ளே கரைந்துவிடும். ஈரக்காற்று பட்டால் பிசுபிசுத்துப்போகும் என்பதால் டப்பாவை இறுக்கி மூட வேண்டும்.

கிரேட் காட்டன் ரோடு பக்கத்து பேக்கரி ஒன்றில், "முட்டை எந்த ஊருதுங்க?" என்று கேட்டார் மனைவி. கல்லாவில் இருந்தவர் நிமிராமலே, "நாமக்கல் முட்டைதான் அக்கா, வேறெங்க?" என்றார். தம்பதி ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்ததற்கு அவருக்குக் காரணம் புரியவில்லை. ஒரு கிலோ போட்டுக் கொடுத்தார்.

இரவுச் சாப்பாடு எங்கே என்பதில் பேச்சே இல்லை. பைபாஸ் பரோட்டாக் கடை. தூத்துக்குடியில் பரோட்டாவுக்கு நட்சத்திர ஓட்டல் தேடுகிறவர்கள் பாவம். வெளியே பெரிய கல், வரிசையாக பெஞ்சு, வாழை இலை, கேட்காமலே ஊற்றும் சால்னா... இப்படி இருந்தால் கடை சரி. சாதா பரோட்டா, எண்ணெயில் முறுகலாக எடுத்த பொரிச்ச பரோட்டா ரெண்டுமே உண்டு. முதல் தடவை வருகிறவர்கள் ரெண்டிலும் ஒவ்வொன்று வாங்கிப் பார்ப்பது உத்தமம்.

இங்கே அவரைத் தெரிந்திருந்தது. கல்லருகே நின்ற மாஸ்டர், "என்ன அண்ணாச்சி, ரெண்டு வருசமா ஆளையே காணோம்!" என்று குரல் கொடுத்தார். பக்கத்தில் இருப்பவர் மனைவி என்று தெரிந்ததும் பெஞ்சைத் துடைத்து, ஃபேன் காற்று வரும் பக்கமாக உட்கார வைத்தார்.

"இவரு எத்தனை பரோட்டா சாப்புடுவாருங்க?" என்று மெதுவாக விசாரித்தார் மனைவி.

"அண்ணாச்சிக்கு அப்பம்லாம் பன்னெண்டு. அது போக ரெண்டு ஆம்லேட்."

வீட்டில் மூன்று இட்லிக்கு மேல் வேண்டாம் என்பவர், சால்னாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு அவருக்குக் கிடைத்தது நாலு.

காசு வாங்க மாஸ்டர் மறுத்தார். மனைவி விடவில்லை, இலைக்கு அடியில் வைத்துவிட்டு எழுந்தார். 10 மணி பஸ்ஸில் ஜன்னலோரம் இந்த முறை மனைவிக்கு. மக்ரூன் டப்பாவை மேலே ரேக்கில் வைக்க அவர் சம்மதிக்கவில்லை, உடைந்துவிடும் என்று மடியிலேயே வைத்துக்கொண்டார். கணவர் எட்டயபுரம் வருவதற்குள் தூங்கிவிட்டார். அருப்புக்கோட்டை தாண்டும்போது டப்பாவில் ஏழு குறைந்திருந்தது.